ஓகஸ்ட் விடுமுறையில் பெண்பிள்ளைகளுக்கு மேசன், தச்சு, வயரிங் பழக்க ஒரு முகாம்: திருகோணமலையில் நடத்தினவர்கள் சொல்லுங்கள்

உவர்மலை அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அனுபவம் உள்ளவர்களின் சொல் எனக்கு வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்து வாசியுங்கள்.

போன மாதம் எங்கள் குசினிக் குழாய் ஒழுகத் தொடங்கியது. குழாய் வேலை செய்பவருக்கு அழைத்தால் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று நான்கு நாள் போய்விட்டது. கீழே வைத்த வாளி இரவில் இரண்டு தரம் நிரம்பும். நான்காம் நாள் நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாளியைக் காணவில்லை. மகளுக்கு 13 வயது, தரம் 9 படிக்கிறாள். தாங்கியடியில் இருக்கிற வால்வைப் பூட்டிவிட்டு, குழாயின் தலையைக் கழற்றி, உள்ளே தேய்ந்து கிடந்த ரப்பர் வாஷரை எடுத்துக்கொண்டு சந்தி ஹாட்வெயாருக்கு நடந்து போய், அதே அளவில் ஒன்று வாங்கிவந்து போட்டிருக்கிறாள். எனக்குக் காட்டுவதற்காகப் பழைய வாஷரைக் கழுவி ஜன்னல் கட்டில் வைத்திருந்தாள். ஒரு பக்கம் பிறை மாதிரித் தேய்ந்திருந்தது.

அன்றிரவு சாப்பிடும்போது கேட்டாள்: "லீவுக்கு மாமா தம்பியை வயரிங் வேலை பார்க்கக் கூட்டிக்கொண்டு போறார். நான் மூத்தவள். என்னை ஏன் கூப்பிடுறேல்ல?" என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் அந்தக் கேள்வியோடுதான் திரிந்தேன்.

பிறகு இணையத்தில் தேடினேன். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் கேர்ள்ஸ் கராஜ் என்று ஓர் இடம் 2013 முதல் இருக்கிறது. 9 வயது முதல் 18 வயது வரையுள்ள பெண்பிள்ளைகள் அங்கே மரம் அறுக்கிறார்கள், வெல்டிங் செய்கிறார்கள், தங்கள் ஊருக்குத் தேவையான இருக்கைகளும் கொட்டகைகளும் கட்டிக் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் விடுமுறை என்றால் ரியூசன், நடனம், தையல், கேக் வகுப்பு. என் மகளும் தையலுக்குப் போனவள்தான், அந்தக் கை நேர்த்தியை நான் மதிக்கிறேன். ஆனால் திருப்புளியையும் வாளையும் முறையாகப் பிடிக்கப் பழக்கும் இடம் ஒன்றைத் தேடினால் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்துச் சனசமூக நிலையத்தில் மண்டபம் தருவதாகச் சொல்கிறார்கள். 12 முதல் 16 வயது வரை பத்துப் பதினைந்து பிள்ளைகள், ஐந்து நாள். இதை நடத்தினவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எதைக் கற்பிப்பது, எவரைக் கூப்பிடுவது, தாய்தகப்பன்மாரிடம் என்ன சொல்வது?

பாலையூற்று அப்பா எழுதியது:

தங்கச்சி, எனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். உங்கள் ஆசையைக் குறை சொல்ல வரவில்லை, மனதில் பட்டதைச் சொல்கிறேன். வாள், உளி, கரண்ட் எல்லாம் விளையாட்டில்லை. நான் 20 வருடம் லொறி ஓட்டியவன், வேலைத்தளங்களில் வெட்டுப்பட்ட கைகளைப் பார்த்திருக்கிறேன். பழக்க வருகிற ஆள் யார், எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் பிள்ளையை அனுப்ப மாட்டேன். கழிவறைக்குக் கதவு பூட்டுமா என்றுகூடப் பார்ப்பேன். இதற்கெல்லாம் பதில் இருந்தால் என் சின்னவளை நானே கொண்டுவந்து விடுவேன். அவள் வீட்டில் கதிரைக் கால்களை எல்லாம் கழற்றிப் பூட்டுகிறவள்.

திருக்கடலூர் தச்சன் மகள் எழுதியது:

அக்கா, நான் மூன்று வருடம் இதை நடத்தியிருக்கிறேன். கடைசி வருடம் 14 பிள்ளைகள். அப்பாவின் பட்டறையில் கதவு, ஜன்னல், கட்டில் செய்துதான் இன்றைக்கும் சீவிக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பிள்ளையின் கையிலிருந்து கருவியை யாரும் வாங்கக் கூடாது. மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

முதல் வருடம் இரண்டாம் நாள் நடந்தது இது. 12 வயதுப் பிள்ளை ஒன்று, மெலிந்த கை, இரண்டுக்கு இரண்டு இஞ்சிச் சட்டம் ஒன்றை அறுக்கத் தொடங்கினாள். பென்சில் கோட்டின் ஓரத்தில் பெருவிரல் நகத்தை நிறுத்தி, வாளை அதில் சாய்த்து, மூன்று தரம் பின்னால் மட்டும் இழுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அப்படி இழுத்தால் மரத்தில் ஒரு சின்னக் கீறல் விழும், பிறகு வாள் தானாகவே அதில் உட்காரும். அவள் அதைச் சரியாகச் செய்தாள். பாதி ஆழம் போனதும் வாள் இறுகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவளுடைய தகப்பன் சாப்பாடு கொண்டுவந்தார். "தா பிள்ளை, நான் வெட்டித் தாறன்" என்று கையை நீட்டினார். பிள்ளை உடனே வாளைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அவர் நாலு இழுப்பில் வெட்டி முடித்துவிட்டு, அன்பாகத்தான், தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அன்றைக்கு முழுவதும் அவள் மறுபடி வாளைத் தொடவில்லை. சாண்ட் பேப்பர் போடுகிறேன், ஆணி எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஓரமாக நின்றாள். வாள் இறுகினால் என்ன செய்வது என்று அவள் கண்டுபிடிக்க வேண்டிய இடம் அது. துண்டின் தொங்கும் பக்கத்தை ஒரு கையால் மெல்லக் கீழே அழுத்தினால் வெட்டு கொஞ்சம் விரியும், வாள் விடுபடும். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் நான் வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டினேன்: பெரியவர்கள் உள்ளே வரலாம், பார்க்கலாம், தேத்தண்ணி குடிக்கலாம், கருவியைத் தொடக் கூடாது. பழக்க வந்தவர்களுக்கும் இதே சட்டம். பிள்ளைக்குக் காட்ட வேண்டுமென்றால் உங்களுடைய துண்டில், உங்களுடைய வாளால் காட்டுங்கள். அவளுடைய துண்டு அவளுடையது.

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 17 வயதில் தச்சு பழகலாம் என்று ஓரிடத்துக்குப் போனேன், பெயர் வேண்டாம். பெயர் பதியும்போதே "தையல் வகுப்பு அடுத்த கட்டடம்" என்று கையைக் காட்டினார்கள். நான் அசையாமல் நின்றதால் உள்ளே விட்டார்கள், முதல் கிழமை முழுவதும் மரத்தூள் கூட்டவிட்டார்கள். கூட வந்த பெடியன்கள் முதல் நாளே சீவுளி பிடித்தார்கள். பிறகு அப்பாதான், மூச்சு வாங்க வாங்க, பட்டறைத் திண்ணையில் இருந்தபடியே வாயால் சொல்லிச் சொல்லி எனக்கு எல்லாம் பழக்கினார். அவருக்கு எழும்பி வந்து வாங்கிச் செய்ய முடியாமல் இருந்தது. அதனால்தான் எனக்குக் கை வந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

பாலையூற்று அண்ணா கேட்டவை எல்லாம் நியாயமான கேள்விகள். ஐந்து பிள்ளைக்கு ஒரு பழக்குநர் என்று வைத்தேன், அதற்கு மேல் கூட்டவில்லை. எல்லா நேரமும் இரண்டு தாய்மார் மண்டபத்தில் இருப்பார்கள், முறைவைத்து வருவார்கள். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல்தான் இருந்தது. முதல் நாள் முதல் வேலையாகப் பிள்ளைகளே அதைப் பூட்டினார்கள். நான்கு திருகாணி, ஒரு தாழ்ப்பாள், இருபது நிமிடம்.

வெட்டுக் காயம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மொட்டையான வாள்தான் வழுக்கிக் கையில் ஏறும், ஆகவே முகாமுக்கு முதல் எல்லா வாளையும் அரம் போட்டுக் கூராக்கிவிடுவேன். ஆனால் முதல் வருடம் ஒரு பிள்ளைக்குக் காலில் ஆணி ஏறியது. பழைய பலகையில் கழற்றாமல் விட்ட ஆணி, அவள் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஏற்பு ஊசி போட்டோம். அது என்னுடைய பிழை. அதற்குப் பிறகு மூடிய சப்பாத்து இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. புதிது வாங்கத் தேவையில்லை. போன வருடத்து வெள்ளைப் பள்ளிச் சப்பாத்து எல்லா வீட்டிலும் கிடக்கும். கால் பெரிதாகி ஒருத்திக்குப் போதாமல் போனது இன்னொருத்திக்குச் சரியாக வரும். ஒரு சாக்கு நிறையச் சேர்த்து வாசலில் கொட்டினேன், அவர்களே அளவு பார்த்து மாற்றிக்கொண்டார்கள்.

கிண்ணியா வாசகி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் பக்கத்திலிருந்தும் பிள்ளைகளை எடுப்பீர்களா? 2009இல் பாலம் திறந்த பிறகு பாதைப் படகுக்குக் காத்து நிற்கும் தொல்லை இல்லை, காலை பஸ்ஸில் வந்துவிடலாம். ஹிஜாப் போட்ட பிள்ளைகள் துளைக்கிற மெசின் பிடிக்கலாமா? வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு விடுவீர்கள்? என் மகள் இதை வாசித்துவிட்டு எனக்குப் பக்கத்திலேயே இருக்கிறாள், பதில் வரும்வரை எழும்ப மாட்டாளாம்.

திருக்கடலூர் தச்சன் மகள் எழுதியது:

தாராளமாக வரட்டும் சகோதரி. போன தடவை கிண்ணியாவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முந்தானை மாதிரித் தொங்கும் பகுதியைச் சட்டைக்குள் செருகி, பின் குத்தாமல் பின்னால் முடிந்துவிட்டால் போதும். பின்னலும் அப்படித்தான், சுருட்டிக் கட்ட வேண்டும். காப்பு, சங்கிலி கழற்ற வேண்டும். துளைக்கும்போது கையுறை போடக் கூடாது. சுழலும் அலகு துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். சீமெந்துக் கலவைக்கு மாறாகக் கையுறை கட்டாயம், ஈரச் சீமெந்து தோலை அவித்துவிடும். கண்ணாடி இரண்டுக்கும் வேண்டும்.

வெள்ளி 11 மணிக்கு முடிப்போம். மற்ற நாளும் காலை 7.30 முதல் 12 வரைதான். ஓகஸ்டில் கச்சான் என்கிற வெப்பக் காற்று அடிக்கும்போது நண்பகலுக்குப் பிறகு தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகளை நிறுத்த முடியாது.

சீனக்குடா வயரிங் ஐயா எழுதியது:

நான் மின் வேலை பழக்கி ஓய்வு பெற்றவன். வயரிங் பகுதியை மட்டும் சொல்கிறேன், மற்றதை அந்தத் தங்கச்சி நன்றாகச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் நாட்டு வீடுகளில் ஓடுவது 230 வோல்ட். பிள்ளைகள் அதைத் தொடக் கூடாது, முதல் இரண்டு நாள் கிட்டவும் போகக் கூடாது. ஒரு பலகையில் 12 வோல்ட் பற்றரி, ஒரு சுவிட்ச், ஒரு சின்ன எல்ஈடி விளக்கு. இதில் சுற்று என்றால் என்ன என்று கையால் விளங்கிவிடும். இரண்டு சுவிட்சால் ஒரே விளக்கைப் போட்டு அணைக்கிற மாடிப்படி இணைப்பையும் இதே பலகையில் செய்யலாம். அது வேலை செய்கிற நேரம் பிள்ளைகள் போடுகிற சத்தத்துக்காகவே நான் இத்தனை வருடம் பழக்கினேன்.

அடுத்தது 13 அம்பியர் சதுரமுனைப் பிளக் பூட்டுதல். மண்ணிறம் உயிர்க்கம்பி, நீலம் நடுநிலை, பச்சையும் மஞ்சளும் சேர்ந்தது நிலக்கம்பி. திருகோணமலை டவுனில் பழைய வீடுகளில் இன்னும் சிவப்பும் கறுப்பும் ஓடுகிறது, அதையும் காட்டுங்கள். பிள்ளை வீட்டுக்குப் போய் நிறம் பார்த்துக் குழம்பக் கூடாது. நிலக்கம்பியை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விடச் சொல்லுங்கள். வயரை யாராவது இழுத்தால் கடைசியாகக் கழர வேண்டியது அது. பூட்டி முடித்ததை மீற்றரால் பார்த்த பிறகுதான், பெரியவர் ஒருவர், மின் கசிந்தால் தானாகவே நிறுத்துகிற ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பில் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த ட்ரிப் சுவிட்சில் 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்று பிள்ளைகளையே வாசிக்க விடுங்கள். வீட்டுக்குப் போய்த் தங்கள் வீட்டுப் பெட்டியையும் வாசிப்பார்கள்.

இன்னொன்று. இங்கே வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே பிள்ளைகளை யாருடைய கட்டடத்துக்கும் கொண்டுபோய் வேலை வாங்காதீர்கள், செய்த பொருளை விற்காதீர்கள். சான்றிதழ் கொடுத்தால் பங்குபற்றியதாக மட்டும் எழுதுங்கள். உண்மையான தகைமை வேண்டுமென்றால் ஓ.எல்லுக்குப் பிறகு என்.வி.கியூ. என்கிற தேசியத் தொழிற்தகைமை இருக்கிறது. மட்டம் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். அதைவிட, 2013 முதல் ஏ.எல்லில் தொழில்நுட்பப் பிரிவு வந்துவிட்டது. மச்சான் செய்கிறான், அண்ணன் செய்கிறான் என்று கேள்விப்பட்டுத்தான் பெடியன்கள் இந்தப் பாதைக்கு வருகிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. முகாமின் கடைசி நாள் தாய்தகப்பன்மாரை வைத்து இதைப் பத்து நிமிடம் சொல்லுங்கள். கூப்பிட்டால் நான் வந்து சொல்கிறேன்.

உவர்மலை அம்மா எழுதியது:

ஐயா, தங்கச்சி, உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கட்டாயம் கூப்பிடுகிறேன்.

தங்கச்சி, எனக்கு இன்னும் ஒரு தயக்கம். ஐந்து நாளில் என்ன செய்ய முடியும்? சின்னதாகப் பேனை வைக்கிற பெட்டி, போட்டோ சட்டம் மாதிரி ஆளுக்கொன்று செய்துகொண்டு போகட்டுமா? மேசன் வேலையையும் சேர்ப்பதா, அது பாரமாகிவிடுமா?

திருக்கடலூர் தச்சன் மகள் எழுதியது:

பேனைப் பெட்டி வேண்டாம் அக்கா. நானும் முதல் வருடம் அதைத்தான் செய்தேன். இரண்டாம் வருடம் பாலர் பாடசாலைக்கு மூன்று வாங்கு செய்தோம். வித்தியாசம் என்னவென்றால், வாங்கில் பிள்ளைகள் ஏறிக் குதிப்பார்கள். அது தாங்க வேண்டும் என்று தெரிந்ததும் எங்கள் பிள்ளைகள் அளவை மூன்று தரம் பார்த்தார்கள். யாரும் சொல்லவில்லை. கடற்கரைப் பக்கம் என்பதால் சாதாரண ஆணி ஒரு மழைக்காலத்திலேயே துரு ஒழுகவிடும், நாகம் பூசிய திருகாணி வாங்குங்கள். மரக்காலையில் மிஞ்சுகிற துண்டுச் சட்டங்கள் போதும். முதிரை, பாலை எல்லாம் பிள்ளைகளுக்குக் கடினம், வாள் ஏறாது. மென்மையான மரம் கேளுங்கள்.

முதல் நாள் அளக்க மட்டும் பழக்கினேன். மூன்றடி, நாலடி, ஐந்தடி. ஒரு சுவரோரமாக மூன்றடி குறி, மற்றச் சுவரோரமாக நாலடி குறி, இரண்டு குறிக்கும் இடையில் சரியாக ஐந்தடி வந்தால் மூலை நேர். வகுப்பில் தேற்றமாகப் படித்ததுதான். பிள்ளைகள் மண்டபத்தின் மூலையையே அளந்தார்கள். ஐந்தடி ஒரு இஞ்சி வந்தது. மறுபடி அளந்தார்கள், மறுபடியும் அதே ஒரு இஞ்சி. கட்டடமே பிழை என்று அவர்களால் நம்ப முடியவில்லை. நாலு மூலையையும் அளந்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். பெரியவர்கள் கட்டியதில் பிழை இருக்கலாம், அதை ஒரு அளவு நாடாவால் பிடிக்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள்.

மேசன் வேலையைக் கட்டாயம் சேருங்கள். நாலு இஞ்சிச் சீமெந்துக் கல் ஒன்று பதினைந்து கிலோ அளவில் இருக்கும், சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். செங்கல் எடுங்கள், ஒற்றைக் கையில் அடங்கும். 50 கிலோ சீமெந்துப் பையை யாரும் தூக்கத் தேவையில்லை, பழகுகிற சுவருக்குச் சீமெந்தே போடாதீர்கள். சுண்ணாம்பும் மணலும் கலந்தால் பார்வைக்கும் கைக்கும் சாந்து மாதிரியே இருக்கும், அடுத்த நாள் தட்டினால் கல் முழுசாகக் கழரும். அதே கல்லை மூன்று வருடமும் வைத்துக் கட்டினோம். சுண்ணாம்பும் தோலைக் கடிக்கும், கையுறையை மறக்காதீர்கள். கட்டுவதற்கு முதல் கல்லைத் தண்ணீரில் ஊறவிடுங்கள். கச்சான் காற்றில் காய்ந்த கல் சாந்தில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், பிறகு ஒன்றும் ஒட்டாது.

அந்தச் சுவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாலு பேர் சேர்ந்து ஐந்து வரி கட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தூக்குக்குண்டைப் பிடித்தபோது மேலே நூல் கல்லைத் தொடுகிறது, கீழே அரை இஞ்சி விலகி நிற்கிறது. சுவர் வெளியே சாய்ந்திருக்கிறது. என் கை தானாகவே போனது, அக்கா. ஈரமாகத்தானே இருக்கிறது, உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினால் நேராகிவிடும் என்று. வாசலில் ஒட்டிய என்னுடைய அறிவித்தல்தான் என்னைத் தடுத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

நாலு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அதில் ஒருத்தி, முதல் வருடம் வாளைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினாளே அதே பிள்ளை, மறுபடி வந்திருந்தாள், குந்தியிருந்து குண்டை ஒவ்வொரு வரியாக இறக்கிப் பார்த்தாள். நூல் ஆடி நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். "அக்கா, ரெண்டாம் வரி வரைக்கும் சரி. மூண்டாம் வரியிலதான் பிழை. உள்பக்கம் சாந்து மொத்தமா இருக்கு" என்றாள். விரலை வைத்துப் பார்த்தேன். உள்பக்கம் பெருவிரல் மொத்தம், வெளிப்பக்கம் அதில் பாதி. மூன்று வரியையும் கழற்றி, ஒவ்வொரு கல்லாகச் சுரண்டி, திரும்ப ஊறவிட்டு, 12 மணி தாண்டிய பிறகும் போகாமல் நின்று கட்டினார்கள். கூட்டிக்கொண்டு போக வந்த தாய்மார் ஓட்டோவைக் காத்து நிற்கச் சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் இருந்தார்கள். அவளுடைய தகப்பனும் வந்திருந்தார். இந்த முறை படலையோடு நின்றுவிட்டார்.

சம்பூர்ச் சகோதரி எழுதியது:

நான் இதையெல்லாம் வாசிக்கிறவள், எழுதுகிறவள் இல்லை. இன்றைக்கு எழுத வேண்டும் போல் இருந்தது.

2006இல் இடம்பெயர்ந்து, பத்து வருடம் முகாம்களிலும் சொந்தக்காரர் வளவிலும் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினோம். கணவர் இல்லை. வீட்டுக்கான உதவிப் பணம் கட்டங்கட்டமாக வந்தது. அத்திவாரம் முடித்துக் காட்டினால் அடுத்த தவணை, சுவர் எழும்பினால் அதற்கடுத்தது. மேசன் ஒருவரைப் பிடித்தேன். அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன், கேள்வி கேட்க எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. இரண்டாம் மாரியிலேயே பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்தது. வாசல் நிலைக்கு மேலே கொங்கிரீட் வெடித்து உள்ளே இருந்த கம்பி துருவாகத் தெரிந்தது. பிறகு வந்து பார்த்த வேறொரு மேசன், மணலை நாக்கில் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். கடற்கரை மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். உப்பு கம்பியைத் தின்றுவிட்டது. என் கண் முன்னால்தான் லொறியில் வந்து இறங்கியது. நான் அந்த லொறிக்காரருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

பிள்ளைகளுக்கு மணல் பார்க்கப் பழக்குங்கள். ஒரு போத்தலில் பாதிக்கு மணல், மேலே தண்ணீர், நன்றாகக் குலுக்கி ஒரு மணித்தியாலம் ஆடாமல் வைத்தால் சேறு மேலே தனிப்படையாக நிற்கும். படை மொத்தமாக இருந்தால் அந்த மணல் கூடாது. உப்புக்கு நாக்குத்தான். இதை நான் பிறகு பழகி, எங்கள் ஒழுங்கையில் வீடு கட்டிய ஆறு பேருக்குப் பார்த்துக் கொடுத்தேன். இரண்டு லோட்டைத் திருப்பி அனுப்பினோம். மூதூரிலிருந்து பஸ் பிடித்து வந்து உங்கள் முகாமில் ஒரு காலை இதைச் செய்து காட்டுவேன், எனக்குக் காசு ஒன்றும் வேண்டாம்.

பாலையூற்று அப்பா எழுதியது:

சின்னவளின் பெயரைப் போடுங்கள் தங்கச்சி. மரக்காலையிலிருந்து பலகை ஏற்ற லொறி வேண்டுமென்றால் என்னுடையது நிற்கிறது. வாசலுக்கு இந்தப் பக்கம் நிற்பேன்.

உவர்மலை அம்மா எழுதியது:

இரண்டு தரம் வாசித்துவிட்டு எழுதுகிறேன். சம்பூர் அக்கா, உங்களுக்கு ஒரு முழுக் காலை. பஸ் காசும் மதியச் சாப்பாடும் எங்களுடையது, அதை மறுக்கக் கூடாது.

நேற்று சனசமூக நிலையத்தில் கதைத்தேன். இரண்டாம் தவணை விடுமுறை தொடங்கி முதலாவது திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 7.30 முதல். 12 பிள்ளைகளோடு தொடங்குகிறோம், அதில் இருவர் கிண்ணியாவிலிருந்து. கடைசி இரண்டு இடம் இன்னும் இருக்கிறது. பக்கத்துப் பாலர் பாடசாலை ஆசிரியை இரண்டு வாங்கும் கைகழுவுகிற இடத்துக்கு ஒரு தட்டும் கேட்டிருக்கிறார். குழாய் வாஷர் மாற்றுவதை என் மகள் மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டுவாளாம். அவளே கேட்டாள், சரி என்றேன்.

தம்பியாரிடமும் கதைத்தேன், அதுதான் மகளின் மாமா. வயரிங் ஐயாவுக்கு உதவியாக வருகிறார். வாசல் அறிவித்தலை முதலில் அவருக்குத்தான் வாசித்துக் காட்டினேன்.

இனி உங்களிடம் கேட்பது: ஊறவைக்கப் பெரிய பேசின் இரண்டு, பழைய செங்கல் ஒரு நூறு, அரம் போட்ட சின்ன வாள் யாரிடமாவது கிடந்தால் ஐந்து நாளுக்கு இரவல், பிறகு பள்ளிச் சப்பாத்து. 3, 4, 5 அளவில் எவ்வளவு கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அடி மட்டும் முழுசாக இருக்க வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் 4 மணி முதல் மண்டபம் திறந்திருக்கும்.